பள்ளி வேதியியல் ஆய்வகக் கழிவுகளையும் பெயர் தெரியாத பழைய புட்டிகளையும் என்ன செய்வது?

கேள்வி: முதுகலை ஆசிரியை (வேதியியல்), தஞ்சை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். இந்தக் கல்வியாண்டில் ஆய்வகப் பொறுப்பு என்னிடம் வந்தது. இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அலமாரிகளைச் சரிபார்த்தபோது, பதிவேட்டில் இல்லாத புட்டிகள் பல அலமாரியில் இருந்தன. சிலவற்றின் சீட்டுகள் அமில ஆவி பட்டுக் கரைந்துவிட்டன. சிலவற்றில் சீட்டே இல்லை. பொட்டாசியம் டைகுரோமேட், லெட் நைட்ரேட், மெர்க்குரிக் குளோரைடு, பாதி தீர்ந்த நெஸ்லர் கரைசல் (அம்மோனியச் சோதனைக்கான பாதரசக் கரைசல்), மண்ணெண்ணெய் வற்றிப்போன ஒரு சோடியம் டப்பா ஆகியவற்றை அடையாளம் காண முடிந்தது. இயற்பியல் ஆய்வகத்தில் உடைந்த வெப்பமானிகளும் ஒரு சிறிய புட்டிப் பாதரசமும் உள்ளன. உயிரியல் ஆய்வகத்தில் பார்மலினில் ஊறிக் கிடக்கும் மாதிரிகளின் நீர் பழுப்பேறிவிட்டது.

எனக்குப் பெரிய கவலையாக இருப்பது இன்னொன்று. எங்கள் ஆய்வகத்தின் கழுவுதொட்டியிலிருந்து வெளியேறும் குழாய், கட்டடத்தின் பின்புறம் உள்ள ஓர் உறிஞ்சு குழியில் முடிகிறது. எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. அந்தக் குழிக்குச் சற்றுத் தள்ளித்தான் சத்துணவுக் கூடத்துக்குத் தண்ணீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. பல ஆண்டுகளாக உப்புப் பகுப்பாய்வின் மிச்சமெல்லாம் அந்தக் குழிக்குள்தான் போயிருக்கிறது. மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டபோது, "குழாயை நன்றாகத் திறந்துவிட்டு ஊற்றினால் போதும், பள்ளியில் பயன்படுத்துவது சொட்டுக் கணக்குத்தானே" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. அன்றாடம் சேரும் கழிவை எப்படிக் கையாள்வது, பழைய புட்டிகளை யாரிடம் ஒப்படைப்பது, அதுவரை எப்படி வைத்திருப்பது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். பள்ளியிடம் இதற்கென்று தனி நிதி எதுவும் இல்லை என்பதையும் மனத்தில் கொண்டு பதில் தர வேண்டுகிறேன்.


பதில் 1: ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் (வேதியியல்), திருச்சிராப்பள்ளி

அம்மா, உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. "சொட்டுக் கணக்கு" என்ற வாதத்தை முதலில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிராம் லெட் நைட்ரேட்டில் ஏறத்தாழ 0.63 கிராம் காரீயம் இருக்கிறது. நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் காரீயம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரநிலை. அந்த ஒரு கிராம் உப்பை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 6,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதாவது ஒரு சிறிய தண்ணீர் லாரி முழுவதும். பாதரசத்துக்கு வரம்பு 0.01 மில்லிகிராம், காரீயத்துக்கு உரியதில் பத்தில் ஒரு பங்கு. குழாயைத் திறந்துவிடுவதால் இந்த உலோகங்களில் ஓர் அணுகூடக் குறைவதில்லை. வெளிநாட்டுக் கையேடுகள் சிலவற்றில் "நிறைய நீருடன் தொட்டியில் ஊற்றலாம்" என்று சில பொருள்களுக்கு எழுதியிருப்பார்கள். அந்தக் குழாய் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் போய் முடிகிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வரி அது. உங்கள் குழாய் நிலத்தடி நீரில் போய் முடிகிறது. எனவே அந்த அறிவுரை உங்கள் பள்ளிக்குப் பொருந்தாது.

கழிவை அகற்றுவதைக் கழிவு சேர்ந்த பிறகு தொடங்கும் வேலையாக நினைக்கக் கூடாது. மாணவரின் மேசையிலேயே அது தொடங்கிவிட வேண்டும். ஒரு சோதனைக் குழாயில் என்ன இருக்கிறது என்பது அதைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்கும் உங்களுக்கும் அந்த நிமிடத்தில் நிச்சயமாகத் தெரியும். அதைத் தொட்டியிலோ பொது வாளியிலோ ஊற்றிவிட்டால், பத்து நிமிடம் கழித்து யாருக்கும் தெரியாது. பெயர் தெரிந்த கழிவைக் கையாளச் சிறிது உழைப்பு போதும். பெயர் தெரியாத கழிவை முதலில் பகுப்பாய்வு செய்ய வேண்டும், அதற்குத்தான் பணம் செலவாகும். ஆகவே மேசைகளின் ஓரத்தில் வாயகன்ற பிளாஸ்டிக் கேன்களை வைத்து, ஒவ்வொன்றிலும் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். அமில, காரத் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) மிச்சம் ஒன்றில். காரீயம், செம்பு, பேரியம் போன்ற உலோக உப்புகள் ஒன்றில். குரோமேட், டைகுரோமேட் தனியாக ஒன்றில். பாதரசம் உள்ளவை தனியாக ஒரு சிறிய புட்டியில். கரிமச் சேர்மங்கள் ஒன்றில். இதற்குமேல் பிரித்தால் மாணவர்கள் குழம்புவார்கள், இதற்குக் கீழே குறைத்தால் ஆபத்து.

எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதுதான் மிக முக்கியம். சல்பைடு உப்பு உள்ள மிச்சத்தை அமிலக் கேனில் ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். நைட்ரிக் அமிலம் எந்தக் காரணம் கொண்டும் ஆல்கஹால், அசிட்டோன் உள்ள கரிமக் கேனுக்குள் போகக் கூடாது. மூடிய கேனுக்குள் வினை மெல்லத் தொடங்கி, யாரும் அருகில் இல்லாத நேரத்தில் வெடிக்கும். கேனை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

நீங்களே முடித்துவிடக்கூடிய வேலைகளும் உண்டு. அமில, காரத் தரம்பார்த்தல் மிச்சங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் நடுநிலையாக்கிவிடும். மீதியை, பிளாஸ்டிக் வாளியில், காற்றோட்டமான இடத்தில், சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நுரை அடங்கும் வரை சரிசெய்து, தாளில் பார்த்துப் பி.எச். மதிப்பு 5.5-க்கும் 9-க்கும் இடையில் வந்த பிறகு வெளியேற்றலாம். அடர் அமிலமாக இருந்தால் முதலில் அதை நிறைய நீருக்குள் மெல்ல ஊற்றி நீர்க்கச் செய்துகொள்ள வேண்டும். நீரை அமிலத்துக்குள் ஊற்றக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் பியூரெட்டில் மிஞ்சும் ஊதாக் கரைசலைக் கூம்புக் குடுவைகளில் மிஞ்சிய ஃபெரஸ் கரைசலோடு சேர்த்தால் நிறம் போய்விடும். அதன் பிறகு சோடியம் கார்பனேட் சேர்த்தால் இரும்பு பழுப்பு வீழ்படிவாக அடியில் தங்கும்.

டைகுரோமேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பள்ளி ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்கும் கொடிய பொருள் அதுதான் என்பது என் கருத்து. குரோமில் குளோரைடு சோதனைக்கும், கண்ணாடிப் பாத்திரம் கழுவும் குரோமிக் அமிலக் கலவைக்கும் அதைத் தாராளமாகச் செலவழிக்கிறோம். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். அதை மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்கிவிட்டால் நச்சுத் தன்மை பெருமளவு குறைவதோடு, ஹைட்ராக்சைடாக வீழ்படியவும் செய்யும். கரைசலை நீர்த்த கந்தக அமிலத்தால் பி.எச். 2 அல்லது 3 அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு கிராம் டைகுரோமேட்டுக்கு ஏறத்தாழ ஆறு கிராம் என்ற கணக்கில் பச்சைத் துத்தத்தை (ஃபெரஸ் சல்பேட்) சேர்த்துக் கலக்குங்கள். ஆரஞ்சு நிறம் முழுவதும் மறைந்து பசுமையாக மாறிய பிறகு, சோடியம் கார்பனேட்டை மெல்லச் சேர்த்துப் பி.எச். 8 முதல் 9 வரை உயர்த்தி ஓர் இரவு விட்டுவைத்தால், வீழ்படிவு தங்கித் தெளிந்த நீர் மேலே நிற்கும். அந்த நீரில் மஞ்சள் சாயல் சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒடுக்கம் முடியவில்லை என்று பொருள். வடிகட்டிய சேற்றை உலர்த்தி, பெயர் எழுதி மூடி வையுங்கள். அது குப்பைத் தொட்டிக்கு உரியதன்று. கையுறையும் கண்ணாடியும் அணிந்து நீங்களே செய்யுங்கள், மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம். குரோமிக் அமிலக் கழுவு கலவையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சோப்புக் கரைசலும் நல்ல தூரிகையும் பள்ளிப் பாத்திரங்களுக்குப் போதும்.

டாலன்ஸ் கரைசல் மிஞ்சினால் அதை மறுநாளைக்கு வைக்கவே கூடாது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் நின்றுகொண்டே இருந்தால் சில்வர் நைட்ரைடு என்ற கருநிறப் பொருள் படியும். அது காய்ந்தால், சில நேரம் காயாமலேகூட, லேசான அசைவில் வெடிக்கும். வகுப்பு முடிந்தவுடன் எல்லாவற்றையும் ஒரு பீக்கரில் சேர்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலத் தன்மைக்குக் கொண்டுவந்து, சாதாரண உப்புக் கரைசலை ஊற்றுங்கள். சில்வர் குளோரைடு வெண்மையாகப் படியும். அதைச் சேர்த்து வைத்தால் பின்னர் வெள்ளியை மீட்கவும் முடியும்.

கடைசியாக, அளவைக் குறையுங்கள். தேர்வுக்கு 20 மில்லி பிப்பெட் வேண்டும் என்றாலும் பயிற்சி வகுப்புகளில் 10 மில்லி வைத்தே தரம்பார்த்தல் பழக்கலாம். உப்புப் பகுப்பாய்வில் ஒரு தேக்கரண்டி உப்பை அள்ளிக்கொள்ளும் பழக்கத்தை விடச் சொல்லி, சொட்டுத் தட்டிலும் சிறிய சோதனைக் குழாயிலும் செய்யக் கற்றுக்கொடுங்கள். நிறமாற்றம் ஐந்து சொட்டிலும் அதே தெளிவோடு தெரியும். பயிற்சியின்போது காரீய உப்புகளை ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம், அம்மோனியம் உப்புகளை மாணவர்களுக்குக் கொடுக்கலாம். அம்மோனியத்துக்குக்கூட நெஸ்லர் கரைசல் தேவையில்லை. சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கி, வரும் வாயுவில் ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாவதைக் காட்டினால் போதும். பாதரசம் ஆய்வகத்துக்குள் வரும் ஒரு வழி அடைபடும்.


பதில் 2: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதுரை மாவட்டம்

பேராசிரியர் ஐயா வேதியியலைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் நிருவாகப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனெனில் பல பள்ளிகளில் பழைய புட்டிகள் இருபது, முப்பது ஆண்டுகளாக அலமாரியிலேயே இருப்பதற்குக் காரணம் அறியாமை அன்று. பதிவேட்டிலிருந்து நீக்கினால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சமே. பொறுப்பை ஒப்படைப்பவர் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார், பொறுப்பேற்பவரும் அப்படியே கையெழுத்திடுகிறார்.

எனவே நீங்கள் முதலில் எழுத்துப்பூர்வமாகத் தொடங்குங்கள். பதிவேட்டில் உள்ளவை, இல்லாதவை, பெயர் தெரியாதவை என்று மூன்று பட்டியல்களைத் தயாரித்து, ஒவ்வொரு புட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, தோராயமான அளவையும் புட்டியின் நிலையையும் குறியுங்கள். புட்டியைத் திறக்காமலே, வெளியிலிருந்து ஒளிப்படம் எடுத்து இணையுங்கள். தலைமையாசிரியர், நீங்கள், இயற்பியல், உயிரியல் ஆசிரியர்கள் கையெழுத்திட்ட குழு அறிக்கையாக அது பள்ளி நிருவாகத்துக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் போகட்டும். பயன்பாட்டுக்கு உதவாத பொருளாக நீக்க அனுமதி கோரும் அந்தக் கடிதத்திலேயே, ஆழ்துளைக் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் உள்ள இடைவெளியையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி கோப்பை வேகமாக நகர்த்தும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். நீக்க அனுமதி கிடைத்தவுடன் மேசை, நாற்காலி, உடைந்த கருவிகளோடு புட்டிகளையும் சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஏலம் விட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு டெல்லியில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு பயன்படுத்தப்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று, அதற்குள் கோபால்ட்-60 இருப்பதைக் கருதாமல், அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏலம் விடப்பட்டது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நாட்டின் முன்னணிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலேயே இருப்பதன் பெயரும் தன்மையும் ஏலப் பட்டியலில் ஏறாமல் போனதென்றால், நம் பள்ளிகளில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை யோசியுங்கள். பழைய ஆய்வகங்களில் யுரேனைல் அசிட்டேட், யுரேனைல் நைட்ரேட் புட்டிகள் சில இடங்களில் இருப்பதுண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தனியாகப் பூட்டி வைத்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதிக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

உலர்த்திய உலோகச் சேற்றைப் பொறுத்தவரை, சிமெண்டுக் கலவையில் சேர்த்துக் கட்டியாக்கி, வளாகத்தின் ஒரு மூலையில் ஆழமாகப் புதைத்துவிடுவதுதான் எளிய வழி என்று என் காலத்தில் சொல்வார்கள். செலவு மிகக் குறைவு. இதைப் பற்றிப் பிறர் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.


பதில் 3: சுற்றுச்சூழல் பொறியாளர், சென்னை

அபாயகரக் கழிவு மேலாண்மைத் துறையில் பணியாற்றுகிறேன். தலைமையாசிரியர் ஐயா கேட்ட சிமெண்டுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சிமெண்டு, சுண்ணாம்பு கலந்து கட்டியாக்கும் முறை எங்கள் துறையிலும் உண்டு. ஆனால் அங்கே கட்டியான பிறகு அதிலிருந்து எவ்வளவு உலோகம் நீரில் கசிகிறது என்று சோதித்து, வரம்புக்குள் இருந்தால் மட்டுமே, அடியில் களிமண் அடுக்கும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் கசிவுநீரைச் சேகரிக்கும் குழாய்களும் உள்ள நிலநிரப்பில் வைப்பார்கள். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதிப்பார்கள். பள்ளி வளாகத்தின் மூலையில் இவற்றில் ஒன்றும் இல்லை. காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் பல இடங்களில் மேலேயே நிற்கிறது. அமிலத் தன்மையுள்ள நீர் பட்டால் கட்டி மெல்லக் கரையும். நாளை அந்த மூலையில் புதிய வகுப்பறைக்கு அடித்தளம் தோண்டுபவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? சிமெண்டில் கலந்தாலும் சரி, கலக்காவிட்டாலும் சரி, வளாகத்தில் எதையும் புதைக்க வேண்டாம். விதிகளும் அதை அனுமதிக்கவில்லை.

விதி என்றால், அபாயகர மற்றும் பிற கழிவுகள் (மேலாண்மை மற்றும் எல்லை தாண்டிய இடப்பெயர்வு) விதிகள், 2016. தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலையையோ வளாகத்தையோ தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் மட்டுமல்லாமல், கழிவைக் கைவசம் வைத்திருப்பவரும் பொறுப்பாளர் என்று அந்த விதிகள் வரையறுக்கின்றன. கழிவைச் சேமித்து வைக்கும் காலம் 90 நாள்கள். ஆண்டுக்குப் பத்து டன்னுக்குள் உருவாக்கும் சிறிய இடங்களுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை 180 நாள்கள் வரை நீட்டிக்கலாம். கேன்களில் ஒட்டும் சீட்டு மஞ்சள் நிறத்தில், அபாயகரக் கழிவு என்றும் கவனமாகக் கையாள்க என்றும் சிவப்பில் எழுதியதாக இருக்க வேண்டும். ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் எழுத வேண்டும். அதில் என்ன இருக்கிறது, எந்த நாளில் சேர்த்தது, எவ்வளவு என்பதையும் குறிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய கழிவை ஏற்கும் பொது வசதி கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இருக்கிறது. நிலநிரப்புக்குப் போக வேண்டியவையும் எரியூட்டப்பட வேண்டியவையும் அங்கே பிரிக்கப்படுகின்றன. உங்கள் பள்ளியின் சில லிட்டர்களுக்காகத் தஞ்சையிலிருந்து தனி வண்டி போவது நடைமுறைக்கு ஒத்துவராது. போக்குவரத்துச் செலவு சுத்திகரிப்புச் செலவைவிடக் கூடுதலாகிவிடும். அதனால்தான் இதைத் தனிப் பள்ளியின் சுமையாக விடக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். உங்கள் பட்டியலோடு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதன் படியை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பி, மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் இதேபோன்ற பட்டியல் எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு கோருங்கள். பத்துப் பள்ளிகள் சேர்ந்தால் செலவு பத்தில் ஒன்றாகும். அருகில் முறையான ஒப்பந்தம் வைத்திருக்கும் பொறியியல் கல்லூரியோ பல்கலைக்கழகமோ இருந்தால், அதன் வழியாக அனுப்ப வாரியம் அனுமதிக்குமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

பாதரசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு, 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. தொழிற்சாலை மூடப்பட்டது, 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணைத் தூய்மை செய்யும் வேலை அதன் பிறகும் நெடுங்காலம் இழுத்தது. பாதரசம் மண்ணுக்குள் போய்விட்டால் அதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நம் மாநிலம் நேரில் கண்டிருக்கிறது. உடைந்த வெப்பமானிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே நீர் நிற்கும்படி ஊற்றி, இறுக மூடி வையுங்கள். நீர் ஆவியைத் தடுக்கும். தரையில் சிந்தினால் துடைப்பம் கொண்டு பெருக்கக் கூடாது, துளிகள் சிதறிப் பெருகும். சன்னல்களைத் திறந்து மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்துச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். இடுக்குகளில் கந்தகத் தூள் தூவி, பின்னர் அதையும் சேர்த்தெடுத்து அதே டப்பாவில் போடுங்கள். புதிதாக வாங்கும்போது ஆல்கஹால் வெப்பமானியோ மின்னணு வெப்பமானியோ வாங்குங்கள். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் 2018 முதல் உறுப்பு நாடு.

பார்மலின் நீரை வெயிலில் ஆவியாக விடுவது சிலர் செய்யும் வேலை. பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உறுதி செய்யப்பட்டது, அது ஆவியானால் வகுப்பறைக் காற்றுக்குத்தான் வரும். மூடிய கேனில் தனியாகச் சேர்த்து, எரியூட்டலுக்குப் போகும் பட்டியலில் சேருங்கள். அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்த மாதிரிகளைப் புதுப்பிக்காமல், வண்ணப் படங்களையும் வார்ப்பு மாதிரிகளையும் பயன்படுத்துவதே நல்லது.

ஆழ்துளைக் கிணற்று நீரை இப்போதே சோதிக்கக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லும்போது, உப்புத் தன்மை, கடினத் தன்மை மட்டும் போதாது, காரீயம், குரோமியம், பாதரசம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான சோதனையில் இவை விடுபட்டுப் போகலாம். முடிவு வரும் வரை சத்துணவுக்கு வேறு தண்ணீர் எடுப்பது நல்லது.


பதில் 4: ஆய்வக உதவியாளர், சேலம் மாவட்டம்

டீச்சர், வணக்கம். தேர்வு நாள்களில் பாத்திரங்களைக் கழுவுவதும் தொட்டியைத் துப்புரவு செய்வதும் எங்களைப் போன்றவர்கள்தான் என்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கேன் வைத்தால் மட்டும் போதாது; தேர்வுப் பரபரப்பில் மாணவர்கள் கைக்கு எட்டும் தொட்டியில்தான் ஊற்றுவார்கள். எங்கள் பள்ளியில் தேர்வின்போது தொட்டிகளின் மேல் பலகை போட்டு மூடிவிட்டு, கழுவுவதற்கு ஒரு தொட்டியை மட்டும் திறந்து வைக்கிறோம். உலோக உப்பு இருந்த சோதனைக் குழாயை முதலில் சிறிதளவு நீரால் அலசி, அந்த அலசல் நீரையும் கேனில் ஊற்றிய பிறகே தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். ஒரு மாணவன் மறந்தாலும் பக்கத்தில் இருப்பவன் நினைவுபடுத்துகிறான்.

இன்னொன்று, ஆசிரியர்கள் பலர் கவனிக்காதது. தேர்வு முடிந்த மாலையில் கறை போக வேண்டும் என்று தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்க்கச் சொல்வார்கள். குழாய் வளைவில் அமிலம் தேங்கியிருந்தால் அதிலிருந்து குளோரின் வாயு வரும். அறை மூடியிருந்தால் மூச்சு முட்டும். தொட்டியை முதலில் வெறும் நீரால் நெடுநேரம் கழுவி, பிறகு சோப்புத் தூளால் மட்டும் தேய்த்தால் போதும். உடைந்த கண்ணாடியைச் சாதாரணக் குப்பையில் போடாமல் தனி மரப்பெட்டியில் போட வேண்டும். அள்ளுபவர்கள் கையுறை இல்லாமல்தான் அள்ளுகிறார்கள். தயவுசெய்து உங்கள் ஆய்வக உதவியாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நல்ல ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, எந்தக் கேனில் என்ன இருக்கிறது என்பதை நேரில் காட்டி விளக்குங்கள். சீட்டில் எழுதியிருப்பதை எல்லோரும் படித்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: முதுகலை ஆசிரியை, தஞ்சை மாவட்டம்

ஐயா அவர்களுக்கும், பொறியாளர் அவர்களுக்கும், உதவியாளர் சகோதரருக்கும் என் மனமார்ந்த நன்றி. பட்டியல் எடுக்கத் தொடங்கிவிட்டேன், தலைமையாசிரியரும் ஒத்துழைக்கிறார். கிணற்று நீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அதுவரை சத்துணவுக்கு ஊராட்சிக் குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள்.

பட்டியல் எடுக்கும்போது இரண்டு ஐயங்கள் எழுந்தன. சோடியம் டப்பாவில் மண்ணெண்ணெய் முழுவதும் வற்றி, துண்டுகளின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளை ஓடு படிந்திருக்கிறது. அதை நானே ஆல்கஹாலில் கரைத்துவிடலாமா? மேலும், மேல் தட்டின் பின்புறம் ஒரு சிறிய பழுப்புப் புட்டி இருக்கிறது. உள்ளே மஞ்சள் படிகங்கள், முற்றிலும் உலர்ந்தவை. சீட்டில் 'பிக்' என்ற முதல் எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. மூடியைச் சுற்றிலும் மஞ்சள் தூள் படிந்திருக்கிறது. நல்லவேளையாக நான் அதைத் தொடவில்லை.


பதில் 5: ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர், திருச்சிராப்பள்ளி

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பிக்ரிக் அமிலமாக இருக்கக்கூடும். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். பிக்ரிக் அமிலத்தை நீரால் நனைந்த நிலையில்தான் விற்பார்கள். உலர்ந்துவிட்டால் அது அதிர்ச்சிக்கும் உராய்வுக்கும் வெடிக்கும் பொருள்; உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் பிக்ரேட்டுகள் இன்னும் எளிதில் வெடிப்பவை. மூடியின் திருகில் படிந்திருக்கும் தூளே போதும், மூடியைத் திருப்பும் உராய்வில் வெடிப்பதற்கு. எனவே அந்தப் புட்டியை எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், திறந்து நீர் ஊற்ற முயலாதீர்கள், அந்தத் தட்டைத் தூசி தட்டவும் வேண்டாம். அறையைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, கதவில் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சுவருக்கு மறுபுறம் வகுப்பு நடந்தால் அதை வேறு அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்றே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும், உலர்ந்த பிக்ரிக் அமிலம் என்று ஐயப்படுகிறோம் என்ற சொற்களையே பயன்படுத்தித் தகவல் தர வேண்டும். வெடிபொருள் செயலிழப்புப் பிரிவை வரவழைப்பது அவர்கள் பொறுப்பு. வெடிபொருள் தொடர்பான விதிகளைக் கவனிக்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அலுவலகம் சென்னையில் உள்ளது. தலைமையாசிரியர் பெயரில் அங்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு நீக்க அனுமதி கேட்கும்போது அதுவே சான்றாகவும் இருக்கும்.

சோடியத்தைப் பொறுத்தவரை, ஓடு படிந்த பழைய துண்டுகளைக் கத்தியால் வெட்டவோ சுரண்டவோ வேண்டாம். அதன் மேல் இருப்பது பெரும்பாலும் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும்தான். என்றாலும், உள்ளே எவ்வளவு உலோகம் மிஞ்சியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆல்கஹாலில் கரைக்கும்போது ஹைட்ரஜன் வெளியேறும், கரைசல் சூடேறும், ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். வாயுவை வெளியேற்றும் கூண்டும், உலர்ந்த மணலும், அதைச் செய்து பழகிய கையும் வேண்டும். உங்கள் பள்ளியில் கூண்டு இல்லை என்றால் அதைச் செய்யாதீர்கள். கவனிக்க, இந்த டப்பாவும் அதே அறையில் இருக்கிறதென்றால், பிக்ரிக் அமிலப் புட்டி அகற்றப்படும் வரை அதற்காகவும் உள்ளே போக வேண்டாம். அதன் பிறகு, மூடியைத் திறந்து புதிய மண்ணெண்ணெயைத் துண்டுகள் மூழ்கும்படி மெல்ல ஊற்றி மூடி, தண்ணீர்க் குழாயிலிருந்தும் அமிலங்களிலிருந்தும் தொலைவில் உள்ள தட்டில் வையுங்கள். நான் பணியாற்றிய கல்லூரியின் வேதியியல் துறையில் கூண்டு இருக்கிறது. உங்கள் தலைமையாசிரியர் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினால், அங்கிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லி நானும் பேசுகிறேன். டப்பாவைப் பேருந்தில் எடுத்துக்கொண்டு வர மட்டும் வேண்டாம்.